அம்மா உட்கார்ந்த இடம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நோட்டு வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு முறைதான் அதைக் கையில் எடுத்தேன். ஒருமுறை கொசு அடிக்க, இன்னொரு முறை டீ கிளாஸை மூட. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துப் பிரிந்தவர்கள். நான் எழுதினால் யார் நம்புவார்கள் என்பது வேறு கேள்வி. எங்கள் தெருவில் நான் மழை வருகிறது என்று சத்தம் போட்டால், வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பார்கள்.

போன வாரம் அம்மா சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தபோது ‘ஸ்ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் வெடிப்பில் காரம் பட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. எனக்குப் பழைய பயமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. பயத்தை எழுதி வைத்தால் கொஞ்சம் குறையுமா என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பேர் வேண்டாம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது. அங்கே நான் பசை காய்ச்சுகிறவன். கேட்டுக்கு வெளியே தனியாக ஒரு கொட்டகை, அதில் அடுப்பு. கம்பெனி வேலிக்குள்ளே நெருப்பு என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்பதால் என்னையும் அடுப்பையும் வெளியே வைத்திருந்தார்கள். மைதாவைக் கரைத்து, காய்ச்சி, அதில் மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டுக் கிண்டி, வாளியில் ஊற்றி ஒவ்வொரு ரூமுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீலக்கல் மாதிரி இருக்குமே, அதுதான் துத்தம். அது விஷம். எலியும் பூச்சியும் பசையைத் தின்னாமல் இருக்கத்தான் அதைப் போடுவது.

அம்மாவுக்குப் பதினொன்றாம் நம்பர் ரூம். காகிதக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்தி, வாயில் வட்டக் காகிதம் வைத்துப் பசை தடவி மூடுகிற வேலை. ரூமுக்கு நான்கு பெண்கள், நான்கு வாசல். ஏதாவது ஆனால் ஆளுக்கு ஒரு வாசலில் ஓடலாம் என்ற கணக்கு. அந்த நான்கு பேருக்கும் விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் மருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி ஏறி, கை பார்க்க நகைக்கடைப் பொம்மை கை மாதிரி மினுங்கும். துத்தம் கலந்த பசை அந்த வெடிப்பில் பட்டால் எரியும். மத்தியானம் சோறு தின்னும்போது அம்மா இடது கையால் ஸ்பூன் பிடித்துத் தின்பாள். “என்ன, வெள்ளைக்காரியாயிட்டியா?” என்று கேலி செய்வேன். கேலி செய்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தால் மனசு சரியிருக்காது.

ஒருநாள் துத்தத்தைப் போடாமல் விட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை. பசை வெள்ளையாக, பார்க்க இட்லி மாவு மாதிரி அழகாக இருந்தது. கொஞ்சம் நீலச் சாயம் சேர்த்துவிட்டேன், போர்மேன் கண்ணுக்கு. சாயங்காலம் பதினொன்றாம் நம்பர் ரூமில் ஒரு அக்கா, “ஏலே, இன்னிக்குப் பசை எரியவே இல்லையேலே, என்ன போட்ட?” என்று கேட்டாள். “பாசத்தைப் போட்டேன்க்கா” என்றேன். நான்கு பேரும் சிரித்தார்கள். அம்மா அன்றைக்கு வலது கையால் சோறு தின்றாள். அந்த ஒன்றுக்காகவே மறுநாளும் போடவில்லை. அதற்கு மறுநாளும். மூன்று வாரம்.

இரண்டாவது வாரத்திலேயே காயவைத்த குழாய்கள் குறைய ஆரம்பித்தன. ஈரம் காயாத தட்டுகளைப் பின்னால் இருக்கிற தகரச் செட்டில் வைத்துப் பூட்டுவார்கள். காலையில் எண்ணினால் தட்டுக்கு ஐந்து, ஆறு இருக்காது. பெண்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். போர்மேன் எல்லோரையும் சந்தேகப்பட்டார். என்னை மட்டும் கொஞ்சம் அதிகமாக.

அதே வாரம்தான் அம்மா சொன்னாள், “ஏலே, நான் உக்காருற எடம் பள்ளமா எறங்குதுலே.”

“எறங்காம? ரெண்டு மாசமா சீனிக்கிழங்கா அவிச்சுத் தின்னுக்கிட்டு இருக்க. தரை என்ன பாவம் பண்ணுச்சு?”

“ஏத்தா, பெத்த தாயவே எடை போட்டுட்டான் பாரு ஒம் மவன்” என்று பக்கத்தில் இருந்த அக்கா சிரித்தாள். அம்மா ஒரு காகித உருண்டையை என் மேல் எறிந்தாள். பிறகு ஒரு சாக்கை மடித்து ரப்பர் விரிப்பின் மேல் போட்டு உட்கார்ந்தாள். நான்கு நாள் கழித்து இரண்டு சாக்கு. “அடுத்த வாரம் கட்டிலே போட்ருவோம்” என்றேன். இன்றைக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை, போர்மேன் கண்ணில் படாமல் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று பதினொன்றாம் நம்பர் ரூமின் பின்பக்கம் போனேன். அங்கே சுவர் நிழலும் காட்டாமணக்குச் செடியும் உண்டு. படுக்கப் போன இடத்தில் ஒரு பொந்து. என் தொடை அகலம். பெருச்சாளி வளை. கரிசல் மண் வெயிலில் பிளந்து கிடக்கும், பெருச்சாளிக்குக் குடைய ரொம்பச் சௌகரியம். வளை வாயில் கருப்பு மண் புதிதாகக் குவிந்திருந்தது. அந்த மண்ணில் ஒரு குழாய் கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். பசை போட்டு மூடிய பக்கத்தை மட்டும் சுத்தமாகத் தின்றிருந்தது. மிச்சம் அப்படியே இருந்தது. விரலில் வெள்ளிப்பொடி ஒட்டியது. குனிந்து உள்ளே பார்த்தேன். சாய்ந்த வெயில் ஒரு முழம் தூரம் உள்ளே போனது. அங்கே வெள்ளைக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ அடுக்கி வைத்தது மாதிரி உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வளை போன திசையில் ரூமின் சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எப்படிக் கொட்டகைக்கு வந்தேன் என்று தெரியாது. துத்தம் டப்பாவைத் திறந்து அன்றைய பசையில் இரண்டு மடங்கு போட்டேன். யோசித்துப் பார்த்தால் அது எதற்கும் உதவாது. உள்ளே போனது போனதுதானே. போர்மேனிடம் சொல்லலாம். சொன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வியே ‘துத்தம் போட்டியாலே?’ என்பதுதான். அம்மா அவரிடம் நடையாய் நடந்து எனக்கு வாங்கிக் கொடுத்த வேலை அது. இரண்டு பேருக்கும் சேர்த்து வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா கிளம்பும்போது, “மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே. காய்ச்சல் அடிக்குதா? இன்னிக்கு லீவு போடேன்” என்றேன்.

“எனக்கா காய்ச்சல்? ஒம் மூஞ்சியப் போயி கண்ணாடில பாரு” என்றாள்.

“நெசமாத்தான் சொல்றேன்.”

“நீ எப்பலே நெசம் சொன்ன?” என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேன் ஏறிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க, கேட்டுக்கு வெளியே அடுப்பைக் கிண்டிக்கொண்டு பதினொன்றாம் நம்பர் ரூமின் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ ஒரு தகர டின் விழுந்த சத்தத்துக்குக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

என் கூட்டாளி ஒருத்தன் பட்டாளத்தில் இருந்தான். ஒரே தெரு, ஒரே வகுப்பு. என்னோடு பெஞ்சில் ஏறி நின்றவன் பிறகு எப்படியோ பாஸாகி, ஓடிக் காட்டி, நெஞ்சை விரித்துக் காட்டிச் சேர்ந்துவிட்டான். அப்போது ஒரு மாத லீவில் வந்திருந்தான். வடக்கே மலைப்பக்கம் வேலை. தரைக்கு அடியில் பதுங்குகிறவர்களைத் தேடுகிற கூட்டத்தில் இருக்கிறான் என்று அவன் அப்பா எல்லோரிடமும் சொல்வார். அவன் சொல்ல மாட்டான். லீவில் வந்ததிலிருந்து டீக்கடையில் சுவரில் முதுகு ஒட்டுகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவான். “நீ முட்டுக் குடுக்கலைன்னா கடைச் செவுரு விழுந்துருமாலே?” என்று அதையும் கேலி செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைப் பிடித்தேன். எனக்குக் கேலியாகத்தான் பேச வரும். கேலியாகவே ஆரம்பித்தேன்.

“ஏலே பட்டாளத்தான், எங்க கம்பெனிக்குள்ள எதிரி பூந்துட்டான். சுரங்கம் தோண்டி உக்காந்திருக்கான். ஒங்க மிலிட்டரில என்ன செய்வீக?”

“எதிரி யாரு?”

“மீசை வச்சிருக்கான். வாலும் இருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. டீயை ஊதிக்கொண்டே கேட்டான். “எத்தனை வாய்?”

“என்னது?”

“சொரங்கத்துக்கு எத்தனை வாய் பாத்த?”

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ரூமுக்குப் பின்னால் வேலி வரைக்கும் சுற்றி எண்ணியிருந்தேன். “ஆறு.”

“அப்ப ஏழு.”

“நான் எண்ணுனேன்லே. ஆறுதான்.”

“நீ எண்ணுனது ஆறு. அவன் தோண்டுனது ஏழு. எண்ணுனதோட ஒண்ணு எப்பவும் கூட இருக்கும். அந்த ஒண்ணுக்காகத்தான் அவன் மத்த ஆறையும் தோண்டியிருப்பான்.”

பிறகு அவனாகவே பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளே போகிறவன் முட்டாள், அவன் வீட்டில் அவன்தான் ராஜா, இருட்டு அவனுக்குப் பழக்கம், உனக்குக் கிடையாது என்றான். துரத்தக்கூடாது. முதலில் வாய்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எதில் போக்குவரத்து இருக்கிறது, எது சும்மா ஏமாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே புழுதியைச் சலித்துத் தூவி வைப்பார்களாம், காலடி பதியும். ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் அடைக்க வேண்டும். அப்புறம் அவனாக வெளியே வருகிறவரை பசியோடு விட்டுவிட்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். “உக்காந்திருக்குறதுதான்லே சண்டையே. சுடுறது கடைசில ஒரு நிமிசம்” என்றான்.

“பொகை போடக்கூடாதா?”

“போடலாம். உள்ள என்ன வச்சிருக்கான்னு தெரிஞ்சா.” கிளாஸைக் கீழே வைத்தான். “ஒரு வீட்டுல அடுப்புக்குக் கீழ சொரங்கம். மூணு வாய் எண்ணுனோம். மூணுலயும் ஆளு நிறுத்திட்டுப் பொகையப் போட்டாக. உள்ள அவன் சாமான் வச்சிருந்தான், அது பிடிச்சு வெடிச்சுருச்சு. மூணு வாயிலயும் ஒண்ணும் வரல. நாலாவது ஒண்ணு கொல்லைல இருந்துருக்கு, ஒரு பலகைக்கு அடில. எங்க ஆளு ஒருத்தன் தண்ணி குடிக்க அந்தப் பலகைலதான் உக்காந்தான்.”

கீழே வைத்த காலி கிளாஸை எடுத்து மறுபடியும் ஊதினான். நான் அதைப் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தேன். நான் கேலி செய்யாமல் விட்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

“உள்ள என்ன வச்சிருக்கு ஒன் எதிரி?” என்றான்.

சொல்லிவிட்டேன். துத்தம், பசை, குழாய், அம்மாவின் விரல், எல்லாம்.

“ஏலே கிறுக்கா. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“வேலை போயிரும்லே.”

“அத்தை உக்காந்திருக்காகல்ல உள்ள?”

சனிக்கிழமை பதினொன்றாம் நம்பர் ரூமுக்கு வேறு வேலை, லேபிள் ஒட்டப் போகிறார்கள், அம்மா அந்த ரூமில் இருக்க மாட்டாள் என்று சொல்லித் தப்பித்தேன். அது நிஜம்தான். “அப்ப நாளைக்கு மாவு தூவிப் பாரு. என்ன தெரிஞ்சாலும் ஞாயித்துக்கிழமைக்குள்ள போர்மேன்ட்ட சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்” என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆறு வாயிலும் மைதா தூவினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டில்தான் கால்தடம், குழந்தை கை மாதிரி சின்னச் சின்ன விரல்கள். இரண்டில் போக்குவரத்து, நான்கு சும்மா. அவன் சொன்னது அப்படியே இருந்தது. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. அவன் சொன்னது எல்லாம் சரியென்றால், ஏழாவது ஒன்றும் இருக்க வேண்டும்.

போர்மேனிடம் சொல்லப் போனேன். அவர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “வாலே. பின்னால சுத்திக்கிட்டு இருந்தியே, வளைய நீயும் பாத்துட்டியா? நானும் பாத்தேன். நாளைக்கு லீவு நாளுதானே, எலி பிடிக்கிற ஆளு வாராரு. அடுத்த வாரம் ஆபீசருக செக்கிங் வருவாகன்னு பேச்சு. நீயும் காலைல வந்து கூடமாட நில்லு” என்றார். அவருக்கு வெறும் பெருச்சாளி என்று நினைப்பு. வாயைத் திறந்தேன். “சரி அண்ணாச்சி” என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் பட்டாளத்தானும் போனபோது காலை எட்டு மணி இருக்கும். ரூம்களில் மருந்து எதுவும் கிடையாது, எல்லாம் துடைத்துக் கழுவியிருந்தது. அதனால்தான் போர்மேன் துணிந்தார் போல. பதினொன்றாம் நம்பர் ரூமுக்குப் பின்னால் எலி பிடிக்கிற அண்ணாச்சி குந்தியிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு மண்பானை. அடியில் ஓட்டை போட்ட பானை. அதற்குள் வைக்கோலைத் திணித்து, கங்கு போட்டு, வாயை வளைக்குள் வைத்து, அடி ஓட்டையில் ஊதினால் புகை உள்ளே போகும். வயலில் எத்தனையோ முறை பார்த்தது. வேலிக்குள்ளே பார்த்தது அன்றுதான் முதல் முறை.

பானையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கங்கு போட்டாகிவிட்டது.

“அண்ணாச்சி, ஊதாதீக! உள்ள வெடி இருக்கு!”

போர்மேன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ஆரம்பிச்சுட்டான்.”

“நெசமா அண்ணாச்சி! குழாயெல்லாம் உள்ளதான் இருக்கு! மருந்தோட!”

“போன மாசம் சம்பளம் குடுக்கைல பாம்பு பாம்புன்னு கத்துனவன்தானே நீ? பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் விழுந்து எந்திரிச்சாக. போலே அங்கிட்டு. நீங்க ஊதுங்க.”

எலி பிடிக்கிறவர் பானையைச் சாய்த்து வளை வாயில் வைக்கப் போனார். என் கால் மண்ணில் நட்டது மாதிரி நின்றது. பட்டாளத்தான் ஓடவில்லை, கத்தவில்லை. நடந்து போய் வளை வாயில் தன் வெறுங்காலை வைத்து நின்றுகொண்டான்.

“யாரு தம்பி நீ?” என்றார் போர்மேன்.

“அவன் சொல்றது பொய்னா எங்கால் மட்டும் சுடும், நெசம்னா எல்லாரும் போயிருவோம். ஊதச் சொல்லுங்க” என்றான். குரல் சாதாரணமாக இருந்தது.

எலி பிடிக்கிற அண்ணாச்சி போர்மேனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பானையைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் காலை மெதுவாக விலக்கி, மூக்கை வளைக்குள் விட்டு மோந்தார். இரண்டு முறை மோந்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

“எலி வாடை மட்டும் இல்லைய்யா. மருந்து வாடை அடிக்குது.”

பக்கத்தில் பானை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மேற்கே இருந்து காற்று. புகை ரூம் பக்கமாகச் சாய்ந்தது.

“தண்ணிய ஊத்துலே!” என்று போர்மேன் கத்தினார்.

“ஊத்தாதீக! சாம்பலோட பொறி கெளம்பும். காத்து வேற இருக்கு. ஈரச்சாக்குக் கொண்டாங்க” என்றார் எலி பிடிக்கிறவர்.

வாளியில் முக்கிய சாக்கைப் பானையின் மேல் சுற்றினோம். அதை வெளியே கொண்டுபோக வேண்டும். போர்மேனுக்கு முட்டிவலி. எலி பிடிக்கிறவருக்கு வயது. பட்டாளத்தான் வளை வாயிலிருந்து நகரவில்லை. நான் தூக்கினேன்.

பதினொன்றிலிருந்து கேட் வரை எவ்வளவு தூரம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தினமும் பசை வாளியோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுகிற தூரம். அன்றைக்கு முடியவே இல்லை. பத்து, ஒன்பது, எட்டு என்று ரூம்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடது பக்கம் மேகசின், மருந்தை அடுக்கி வைக்கிற கட்டடம். சாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய புகை நூல் கிளம்பியது; உள்ளங்கையை அதன் மேல் வைத்து அமுக்கினேன். சுட்டது. எடுக்கவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் நின்று, பானைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். கல் தடுக்கிவிடக்கூடாது என்று கீழே பார்த்தால் பொறி தெரியாது. பொறியைப் பார்த்தால் கல் தெரியாது. நேர்ந்துகொள்ளக்கூட எந்தச் சாமி பேரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ‘எரியாதே, எரியாதே’ என்று பானையிடமே கெஞ்சிக்கொண்டு போனேன். கேட்டைத் தாண்டி என் கொட்டகை அடுப்பில் அதைக் கவிழ்த்தபோது என் கைலி நனைந்திருந்தது. அது சாக்குத் தண்ணீர் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது போர்மேன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி இரும்பு, கல்லில் பட்டால் பொறி. வளைக்குள் தண்ணீர் விடலாமா என்று கேட்டேன். “வெள்ளிப்பொடி மருந்துல போயி தண்ணி விடுவியாலே? ஈரம் பட்டுச் சூடேறுச்சுன்னா?” என்றார். கடைசியில் கையாலும் கொட்டாங்கச்சியாலும்தான் தோண்டினோம். போக்குவரத்து இல்லாத நான்கு வாயை முதலில் பச்சை மண்ணால் அடைத்தோம். எலி பிடிக்கிறவர் ஐந்தாவது வாயில் வலையைக் கட்டிப் பக்கத்தில் குந்தினார். ஆறாவதில், நான் முதலில் பார்த்த வாயில், தோண்ட ஆரம்பித்தோம். குழாய் குழாயாக வந்தது. ஒவ்வொன்றையும் முட்டை எடுப்பது மாதிரி எடுத்து ஈரமில்லாத மணலில் படுக்க வைத்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஐந்தாவது வாயில் நாங்கள் மூச்சுக் காட்டாமல் இருந்த ஒரு நேரத்தில் இரண்டு பெருச்சாளிகள் வலையில் விழுந்தன. ஒவ்வொன்றும் பூனை மாதிரி.

“முடிஞ்சதுய்யா” என்றார் போர்மேன்.

“முடியல. ஏழாவது எங்க?” என்றான் பட்டாளத்தான்.

சுற்றிச் சுற்றித் தேடினோம். காட்டாமணக்குச் செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். தகரச் செட்டின் அடி, தண்ணீர்த் தொட்டியின் அடி எல்லாம் பார்த்தோம். போர்மேன் அலுத்துப்போய், “பட்டாளத்துக் கணக்கெல்லாம் இங்க எதுக்குத் தம்பி? பெருச்சாளிக்கு என்ன மிலிட்டரி ட்ரெயினிங்கா?” என்றார். சிரிக்க வேண்டிய இடம். நான் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் பலகை ஞாபகம் வந்தது. தண்ணீர் குடிக்க அவன் ஆள் உட்கார்ந்த பலகை. கூடவே அம்மாவின் குரலும் வந்தது. ‘நான் உக்காருற எடம் பள்ளமா எறங்குதுலே.’

ரூமுக்குள் ஓடினேன். அம்மாவின் இடம் வடமேற்கு மூலை. இரண்டு சாக்கும் மடித்தபடியே இருந்தன, அவள் உட்கார்ந்த பள்ளத்தோடு. சாக்கை எடுத்தேன். ரப்பர் விரிப்பைச் சுருட்டினேன். கீழே பழைய செங்கல் தளம். நான்கு கல் உள்வாங்கி, நடுவில் ஒன்று பிளந்து, பிளவுக்குள் என் முஷ்டி போகிற அளவு கருப்பு ஓட்டை. அதிலிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது.

எலி பிடிக்கிறவர் வந்து கல்லைக் கையால் பெயர்த்து எடுத்தார். அடியில் ஒரு பானை அளவு குழி. அதில் மெத்தை போட்டது மாதிரி குழாய்கள், கடித்துத் துருவிய காகிதம், மேலே விரிப்பின் ஓரமாகச் சிந்திப் பிளவு வழியாக விழுந்து சேர்ந்த வெள்ளிப்பொடி. அந்த மெத்தையின் மேல் கண் திறக்காத ஏழெட்டுக் குட்டிகள், விரல் நீளம், சிவப்பாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன.

புகை போட்டிருந்தால் இன்றைக்கு எங்கள் நான்கு பேர் கதை முடிந்திருக்கும் என்று போர்மேன் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அது காதில் ஏறவில்லை. அதன் மேல் உட்கார்ந்து இரண்டு வாரம் எங்கள் அம்மா பித்தளைக் கரண்டியால் மருந்தைத் தட்டிச் செலுத்திக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுத் தவறியிருந்தால்? நான் வாசலில் நின்று அவளை எடை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டாளத்தான் என் அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

போர்மேனிடம் துத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை அடிக்கக் கையை ஓங்கி, பானை சுட்ட என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். வேலிக்குள் கங்கு கொண்டுவரச் சொன்னது அவர்தான் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். பசை வேலை போனது. லோடு ஏற்றுகிற வேலை கொடுத்தார்கள்.

அம்மாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். கேலி இல்லாமல் சொன்ன முதல் பேச்சு என்பதால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். முடித்ததும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்கை எரியுதுன்னா துத்தத்த நிறுத்துன?”

“ம்.”

“பக்கத்துல இருக்குற மூணு பேருக்கும் பிள்ளைக இருக்குலே.” அவ்வளவுதான் சொன்னாள். அடித்திருக்கலாம்.

பத்து நாள் ரூமைப் பூட்டிப் போட்டு, தளத்தைப் பெயர்த்து, கல் பரப்பிக் காங்கிரீட் போட்டார்கள். பிறகு அம்மா அதே மூலையில் போய் உட்கார்ந்தாள். வேறு ரூம் கேளேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். “எல்லா ரூமுக்குக் கீழயும் மண்ணுதான்லே இருக்கு” என்றாள். பசை மறுபடியும் எரிகிறது. எரிகிறது என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. சில நாள் அவள் ‘ஸ்ஸ்’ என்று இழுக்காமல் சோறு தின்றுவிட்டால், இப்போது பசை காய்ச்சுகிற பையனிடம் போய் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அவன் எனக்குப் பைத்தியம் என்கிறான்.

பட்டாளத்தான் லீவு முடிந்து சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினான். ஜன்னல் ஓரச் சீட்டை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் முதுகு ஒட்டுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள் பூத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். தளம் போட்டதைச் சொன்னேன். ஏழு வாயையும் கல் வைத்து அடைத்துவிட்டோம், நானே நின்று பார்த்தேன், ஒவ்வொன்றின் மேலும் ஏறிக் குதித்தும் பார்த்தேன் என்றேன். “இனிமே அம்மா பயமில்லாம உக்காரலாம்லலே?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னான்.

“அப்ப எட்டாவதத் தேடுலே.”